நாட்டுக்கு வழக்கம் உண்டு, சுபாவம் ஆளுக்கே உண்டு

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வியன்னா நகரின் நாட்டுப்புறவியல் அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் ஸ்டீரியா பகுதியில் தீட்டப்பட்டது. மேல்வரிசையில் பத்து ஆண்கள் தத்தம் நாட்டு உடையில் நிற்கிறார்கள். ஸ்பானியர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், ஜெர்மானியர், ஆங்கிலேயர், ஸ்வீடன்காரர், போலந்துக்காரர், ஹங்கேரியர், ரஷ்யர், கடைசியில் துருக்கியருக்கும் கிரேக்கருக்கும் சேர்த்து ஒரே உருவம். அவர்களுக்குக் கீழே வரிசை வரிசையாகக் கட்டங்கள். இயல்பு, அறிவு, பொழுதுபோக்கு, வரும் நோய், போர்த்திறம், ஒப்பிடத் தகுந்த விலங்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை எழுதியிருக்கிறது. ஸ்பானியர் செருக்கர். பிரெஞ்சுக்காரர் பொறுப்பற்றவர். இத்தாலியர் வஞ்சகர். ரஷ்யர் கெட்ட எண்ணமுடையவர், அவருக்குரிய விலங்கு கழுதை. ஜெர்மானியர் திறந்த மனத்தவர், அவருக்குரியது சிங்கம். அட்டவணையை எழுதியவர் ஜெர்மன் மொழிக்காரர்.

முந்நூறு ஆண்டுகள் ஆகியும் அந்த அட்டவணை நம்மை விட்டுப் போகவில்லை. இன்று நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகளில் அது மதிப்பெண் பட்டியலாக வருகிறது. கைபேசித் திரையில் உலக வரைபடமாக வருகிறது. ஜப்பான் என்றால் தன்னுள் ஒதுங்கும் அகமுகம், அமெரிக்கா என்றால் பிறரோடு கலகலக்கும் புறமுகம், ஜெர்மனி என்றால் ஒழுங்கு என்று ஒவ்வொரு நாட்டின் மேலும் ஓர் ஆளுமை வகையை ஒட்டிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் தினமும் பல நாட்டு மக்களோடு தொலைபேசியிலும் திரையிலும் பேசி வேலை பார்க்கிறார்கள். பலர் அந்த நாடுகளுக்கே குடிபோகிறார்கள். ஆகவே இந்தக் கேள்வி நமக்கும் உரியது: ஒரு தேசத்தின் பண்பாட்டை ஓர் ஆளுமை வகையோடு பொருத்த முடியுமா?

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியாது. நாட்டுக்குச் சட்டம் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, வழக்கம் உண்டு. சுபாவம் ஆளுக்கு ஆள் இருப்பது. வழக்கத்தைச் சுபாவம் என்று எடுத்துக்கொண்டபோதெல்லாம் ஆராய்ச்சி வழுக்கியிருக்கிறது, மனிதர்கள் துன்பப்பட்டிருக்கிறார்கள். இவ்விரண்டையும் சான்றுகளோடு உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

மானிடவியலின் பெருமுயற்சி

காற்றும் நீரும் நிலமும் மக்களின் குணத்தை ஆக்குகின்றன என்று ஹிப்போக்ரடீஸின் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க நூலே பேசுகிறது. தத்துவ அறிஞர்களான மான்டெஸ்கியூ 1748இலும் கான்ட் 1798இலும் தேசங்களின் குணத்தைப் பற்றி எழுதினார்கள். அவையெல்லாம் பெரும்பாலும் இருந்த இடத்திலிருந்து செய்த ஊகங்கள். மக்களோடு தங்கி, பார்த்து, குறித்து எழுதும் முறை 20ஆம் நூற்றாண்டு மானிடவியலோடுதான் வலுப்பெற்றது.

அதில் முதலில் நினைக்க வேண்டியவர் ரூத் பெனடிக்ட். 1934இல் வெளியான அவருடைய 'பண்பாட்டின் வடிவங்கள்' நூல் மூன்று சமூகங்களை எடுத்துக்கொண்டது. நியூ மெக்சிகோவின் சூனி மக்கள் அடக்கமும் அளவும் உடையவர்கள் என்றார். கனடாவின் மேற்குக் கரையில் வாழும் குவாகியூடில் மக்கள் மிகையும் ஆவேசமும் உடையவர்கள் என்றார். நியூகினியை ஒட்டிய டோபு தீவினர் எதையும் ஐயத்தோடு பார்ப்பவர்கள் என்றார். தனிமனித மனத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் எப்படியோ அப்படித்தான் ஒரு பண்பாடு என்பது அவர் கருத்து. பெனடிக்ட்டின் நோக்கத்தை மதிக்க வேண்டும். குணம் இரத்தத்தில் வருகிறது என்று இனவாதிகள் முழங்கிய காலத்தில், அது வளர்ப்பிலும் வாழ்க்கை முறையிலும் வருகிறது என்று உறுதியாகச் சொன்னவர் அவர்.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. எதிரியைப் புரிந்துகொள்ள அமெரிக்க அரசு மானிடவியலாளர்களை அழைத்தது. 1944இல் ஜப்பானியரைப் பற்றி ஆராயும் பணி பெனடிக்ட்டுக்குத் தரப்பட்டது. போர்க்காலத்தில் அந்த நாட்டுக்குப் போக வழியில்லை. அமெரிக்காவில் குடியேறியிருந்த ஜப்பானியரிடம் பேசியும், திரைப்படங்களைப் பார்த்தும், நூல்களைப் படித்தும் எழுதினார். 1946இல் வந்த 'செவ்வந்தியும் வாளும்' இன்றும் படிக்கப்படுகிறது. கடமை, நன்றிக்கடன், மானம் ஆகிய வழக்கங்களை அவர் விளக்கும் பக்கங்களுக்கு இன்றும் மதிப்பு உண்டு. அந்த வழக்கங்களின்படி நடக்கும் கோடிக்கணக்கானோருக்கு ஒரே மனம் என்று படிப்பவர் முடிவு கட்டும் இடத்தில்தான் தவறு தொடங்குகிறது.

அந்தத் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மானிடவியலாளர் ஜெஃப்ரி கோரர் சான்று. ரஷ்யத் தாய்மார் கைக்குழந்தையைத் துணியால் இறுகச் சுற்றி வைப்பார்கள். அசைய முடியாத குழந்தைக்குள் கோபம் சேர்கிறது, அவிழ்க்கும்போது அது பொங்குகிறது, வளர்ந்த பின் அதுவே ரஷ்யரின் அரசியல் நடத்தையில் தெரிகிறது என்று 1949இல் கோரர் எழுதினார். குழந்தையைத் துணியில் சுற்றும் பழக்கம் உலகத்தில் எத்தனையோ மக்களிடம் இருந்தது. அவர்களுடைய ஆட்சிகளோ ஒன்றைப்போல் ஒன்று இருந்ததில்லை.

ஒரு சமூகத்துக்கு ஒரே ஆளுமை என்ற எண்ணத்தை நேரடியாகச் சோதித்தவர் மானிடவியலாளர் அந்தோனி வாலஸ். நயாகரா அருவிக்கு அருகில் வாழும் டஸ்கரோரா என்ற சிறு பழங்குடிச் சமூகத்தில் 70 பேருக்கு ரோர்ஷாக் மைப்படச் சோதனை நடத்தி, 1952இல் முடிவை வெளியிட்டார். அந்தச் சமூகத்துக்கே உரிய மாதிரி ஆளுமை என்று கணக்கு காட்டிய வகைக்குள் 37 விழுக்காட்டினர்தான் அடங்கினார்கள். ஒரே மொழி, ஒரே இடம், தலைமுறை தலைமுறையாக ஒன்றாக வாழ்ந்தவர்கள். அங்கேயே பெரும்பான்மை அந்த வகைக்கு வெளியே நின்றது என்றால், பல கோடிப் பேர் வாழும் தேசத்தைப் பற்றி என்ன சொல்வது?

எண்கள் வந்த பிறகு

அடுத்த அலை எண்களோடு வந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த கீர்ட் ஹாஃப்ஸ்டெட், ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை திரட்டிய 1,16,000க்கும் மேற்பட்ட வினாத்தாள்களை ஆராய்ந்து 1980இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் 40 நாடுகளுக்கு மதிப்பெண்கள் இருந்தன. மேலதிகாரிக்கும் கீழுள்ளவருக்கும் உள்ள அதிகார இடைவெளி, தனிமனித நோக்கு, போட்டி மனப்பான்மை, நிச்சயமற்ற நிலையைத் தவிர்க்கும் போக்கு என்று நான்கு அளவுகோல்கள். தனிமனித நோக்கில் அமெரிக்காவுக்கு 91, இந்தியாவுக்கு 48. பின்னர் விரிந்த பட்டியலில் குவாத்தமாலாவுக்கு 6.

உழைப்பு பெரியது, ஐயமில்லை. ஆனால் பதில் எழுதியவர்கள் எல்லோரும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள். குவாத்தமாலாவில் இருபதுக்கும் மேற்பட்ட மாயா மொழிகள் பேசப்படுகின்றன. மலைக் கிராமத்து மாயா விவசாயியும் தலைநகரத்து ஐபிஎம் ஊழியரும் ஒரே எண்ணுக்குள் எப்படி அடங்குவார்கள்? நம் நாட்டில் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் மட்டும் 22 மொழிகள். இத்தனைக்கும் ஒரே 48.

2004இல் ஹாஃப்ஸ்டெடும், ஆளுமை ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ராபர்ட் மெக்ரேயும் சேர்ந்து, 33 நாடுகளின் பண்பாட்டு மதிப்பெண்களை அந்நாட்டவரின் ஆளுமைச் சோதனைச் சராசரிகளோடு ஒப்பிட்டார்கள். சில பொருத்தங்கள் கிடைத்தன. தனிமனித நோக்கு மிகுந்த நாடுகளில் புறமுகத்தன்மையின் சராசரியும் கூடியிருந்தது. நம் கேள்விக்கு ஆம் என்ற விடை இங்கே கிடைத்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் நாட்டின் சராசரியிலிருந்து ஆளைப் படிக்கக் கூடாது என்று ஹாஃப்ஸ்டெடே வற்புறுத்தி எழுதினார். மதிப்பெண்கள் பயிற்சி வகுப்புவரை வந்து சேர்ந்தன, அந்த எச்சரிக்கை வந்து சேரவில்லை.

அந்த எச்சரிக்கை ஏன் முக்கியம் என்பதைச் சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இலேயே காட்டிவிட்டார். 1930ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கை எடுத்துக்கொண்டார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக வாழ்ந்த மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகமாக இருந்தது. அதைப் பார்ப்பவர், வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு எழுத்தறிவு அதிகம் என்று நினைப்பார். ஆள் ஆளாக எடுத்துப் பார்த்தபோது உண்மை நேர் எதிராக இருந்தது. அவர்களிடம் எழுத்தறிவு சற்றுக் குறைவு. எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் போய் அவர்கள் குடியேறியதுதான் காரணம். கூட்டத்தின் கணக்கை ஆளின் தலையில் ஏற்றினால் திசையே மாறிப் போகும்.

ஒரு பள்ளியில் இரண்டு வகுப்புகள். ஒன்றின் சராசரி மதிப்பெண் 62, மற்றொன்றின் சராசரி 64. இரண்டிலும் 20 வாங்கியவரும் உண்டு, 95 வாங்கியவரும் உண்டு. எந்த வகுப்பு என்று மட்டும் தெரிந்துகொண்டு ஒரு மாணவரின் மதிப்பெண்ணைச் சொல்ல முடியுமா? நாடுகளின் ஆளுமைச் சராசரிகளும் இப்படித்தான். நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியது. ஒரே நாட்டுக்குள் ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

மக்கள் தம் நாட்டாரின் குணமென்று நம்புவதாவது சரியாக இருக்கிறதா? 2005இல் அந்தோனியோ டெராசியானோ தலைமையிலான பெரிய ஆய்வுக் குழு, 49 பண்பாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 4,000 பேரிடம் தம் நாட்டாரின் குணத்தைக் கேட்டது. அவர்கள் சொன்னதை, அந்தந்த நாட்டு மக்களின் உண்மையான ஆளுமைச் சோதனை முடிவுகளோடு ஒப்பிட்டது. இரண்டுக்கும் தொடர்பே தெரியவில்லை. கனடா மக்கள் தம்மை இணக்கமானவர்களாகக் கருதினார்கள், அமெரிக்கர்கள் தம்மை அடித்துப் பேசுபவர்களாகக் கருதினார்கள். சோதனையிலோ இரு நாட்டாரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தார்கள்.

எதிர்த்தரப்புக்கு வலுவான சான்று ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பொறுப்புணர்வைப் பற்றிய சோதனையில் ஜப்பானியர் தமக்குத் தாமே மிகக் குறைந்த மதிப்பெண் தந்துகொள்கிறார்கள். தன்னைச் சுற்றியுள்ள ஜப்பானியரோடு ஒப்பிட்டுத்தானே ஒரு ஜப்பானியர் பதில் எழுதுவார்? அப்படியானால் சோதனை மதிப்பெண்ணை வைத்துப் பொதுக்கருத்தைத் தவறென்று சொல்ல முடியாது என்பது அந்தத் தரப்பின் வாதம். ஸ்டீவன் ஹைனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008இல் வேறு அளவைகளை எடுத்துக்கொண்டார்கள். ராபர்ட் லெவைன் 31 நாடுகளில் அளந்திருந்த நடைவேகம், தபால்காரர் வேலை செய்யும் வேகம், பொதுக் கடிகாரங்களின் துல்லியம் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. மக்கள் தமக்குத் தந்த மதிப்பெண் இவற்றோடு ஒத்துவரவில்லை. அந்நாட்டைப் பற்றி நிலவும் பொதுக்கருத்து ஒத்துவந்தது. அப்படியானால் பொதுக்கருத்தில் உண்மை உண்டா? நடத்தையைப் பற்றி உண்டு. ஆனால் கடிகாரம் சரியாக ஓடுவதற்கு அதைப் பராமரிக்க ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும், அதை நம்பி ஓடும் ரயில் வேண்டும். லெவைனின் ஆய்விலேயே பொருளாதாரம் செழித்த இடங்களில்தான் வாழ்க்கை வேகம் கூடியிருந்தது. அந்த அளவைகள் காட்டுவது ஒரு நாட்டின் ஏற்பாட்டை. அந்த ஏற்பாட்டுக்குள் நடக்கும் மனிதரின் சுபாவத்தை அவை காட்டுவதில்லை.

பண்பாட்டு வேறுபாடு கற்பனை என்று நான் சொல்லவில்லை. அது எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. மிஷேல் கெல்ஃபண்டும் குழுவினரும் 2011இல் 33 நாடுகளை ஆராய்ந்தார்கள். பூங்கா, நூலகம், பேருந்து, இழவு வீடு போன்ற இடங்களில் சிரிப்பது, பாடுவது, சாப்பிடுவது, அழுவது முதலியவற்றில் எது தகும், எது தகாது என்று கேட்டார்கள். பாகிஸ்தான், மலேசியா, இந்தியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் விதி இறுக்கமாக இருந்தது. உக்ரைன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் தளர்வாக இருந்தது. மக்கள் நெருக்கம், இயற்கைச் சீற்றம், போர் அச்சம் இவற்றை அதிகம் கண்ட நாடுகளில் விதி இறுகியிருந்தது. இப்படிப் பார்த்தால் காரணம் தெரிகிறது, காரணம் மாறினால் விதி மாறும் என்பதும் தெரிகிறது. இறுகிய விதிக்குள்ளும் கலகலப்பானவர் இருப்பார், தளர்ந்த விதிக்குள்ளும் கூச்சமுள்ளவர் இருப்பார்.

வரலாறு தரும் சாட்சி

சுபாவம் என்று சொன்னது ஒரு தலைமுறைக்குள் மாறிப்போன கதைகள் வரலாற்றில் நிறைய. ஜப்பானில் நெடுங்காலம் வாழ்ந்த மதபோதகர் சிட்னி குலிக், அங்கே பலரும் சோம்பேறிகளாகவும் காலத்தைப் பொருட்படுத்தாதவர்களாகவும் தோன்றுகிறார்கள் என்று 1903இல் எழுதினார். 1911-12இல் அங்கே பயணம் செய்த பியாட்ரிஸ் வெப் அம்மையாரும் ஓய்வில் அவர்களுக்குள்ள நாட்டத்தைக் குறை கூறினார். இன்று உலகம் ஜப்பானியரைப் பற்றிச் சொல்வது இதற்கு முற்றிலும் எதிரானது. இடையில் என்ன நடந்தது? 1873இல் நாள்காட்டியை மாற்றினார்கள். பள்ளி, தொழிற்சாலை, ரயில் அட்டவணை வந்தன. 1920இல் ஜூன் 10ஆம் தேதியை நேர நினைவு நாளாக வைத்து, காலம் தவறாமையை மக்களிடம் பிரசாரம் செய்தார்கள். பிறவிக் குணமாக இருந்தால் பிரசாரம் எதற்கு? அவர்கள் அதை முயன்று கற்றார்கள். ஸ்வீடனைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா அஞ்சிய படை அவர்களுடையது. 1814க்குப் பின் அந்த நாடு எந்தப் போரிலும் இறங்கியதில்லை.

ஆளுமை வகை என்ற பெட்டியும் நாம் நினைக்கும் அளவுக்கு உறுதியானதன்று. உளவியலாளர் யுங் 1921இல் எழுதிய நூலை அடியாகக் கொண்டு கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியதுதான் மனிதர்களை 16 ஆளுமை வகைகளாகப் பிரிக்கும் சோதனை. பெரும்பாலான மனிதர்கள் அகமுகத்துக்கும் புறமுகத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறார்கள். நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்தால், கோட்டுக்கு அருகில் இருப்பவர் இன்று ஒரு வகை, சில வாரம் கழித்து வேறு வகை. ஓர் ஆளுக்கே நிலைக்காத வகையை ஒரு நாட்டுக்கு எப்படிச் சூட்டுவது?

அட்டவணை அதிகாரத்தின் கைக்குப் போனால்

இனி நான் பெரிதும் கவலைப்படும் பகுதிக்கு வருகிறேன். 1927இல் ஃபுருகாவா தகேஜி என்ற ஜப்பானியர் இரத்தப் பிரிவுக்கும் சுபாவத்துக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார். 1930இல் ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைவானில், உஷே என்னும் மலைப்பகுதியில் பழங்குடிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கட்டாய உழைப்பும் காவலர்களின் அவமதிப்பும் அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. ஃபுருகாவாவோ தைவான் மக்களிடம் 'ஓ' பிரிவு இரத்தம் அதிகம் என்பதில் கிளர்ச்சிக்குக் காரணம் கண்டார். ஜப்பானியரோடு மணவுறவு ஏற்படுத்தி அதைக் குறைக்கலாம் என்றும் யோசனை சொன்னார். ஆண்டவர்களின் கொடுமை கணக்கிலிருந்து மறைந்துவிட்டது, ஆளப்பட்டவர்களின் இரத்தம் குற்றவாளியாகிவிட்டது. அந்த நம்பிக்கை இன்னும் சாகவில்லை. 2011இல் ஜப்பானிய அமைச்சர் ஒருவர் கடுஞ்சொல் பேசிப் பதவி விலக நேர்ந்தபோது, தன் இரத்தம் 'பி' பிரிவு என்பதைக் காரணமாகச் சொன்னார்.

நம் மண்ணுக்கு வருவோம். 1757இல் கிழக்கிந்தியக் கும்பினிக்காகக் கிளைவுடன் பிளாசிப் போருக்குப் போனவர்களில் சென்னைச் சிப்பாய்கள் உண்டு. மைசூர்ப் போர்களில் கும்பினிக்காகப் போரிட்டவர்களிலும் அவர்கள் உண்டு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை தாங்கிய ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ், தென்னாட்டாரிடம் போர்க்குணம் மங்கிவிட்டது என்று முடிவு செய்தார். பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தலைவரானார். சில குடிகளே போருக்கு ஏற்றவர்கள் என்னும் 'போர்க்குடிகள்' கொள்கை வலுப்பெற்று, சென்னைக் காலாட்படை சுருங்கிச் சுருங்கி 1920களின் இறுதியில் கலைக்கப்பட்டது. 1857 எழுச்சியின்போது யார் துணை நின்றார்கள், யார் எதிர்த்தார்கள் என்ற அரசியல் கணக்கும் அந்தக் கொள்கைக்குள் இருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டபோது அதே தென்னாட்டாரைக் கொண்டு மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. இல்லை என்று எழுதிவைத்த குணம் அந்தச் சில ஆண்டுகளில் எங்கிருந்து வந்தது?

இதைவிடக் கொடியது குற்றப் பழங்குடிகள் சட்டம். 1871இல் வடக்கே பிறந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். சில சமூகங்களில் பிறந்தாலே குற்றச் சுபாவம் என்று அரசு எழுதிவைத்தது. திருடாதவரும் ரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். உசிலம்பட்டிக்கு அருகில் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அந்தச் சட்டம் நீங்கியது. சீர்மரபினர் என்று இன்று நாம் அழைக்கும் சமூகங்களின் முதியவர்களுக்கு அந்த நினைவு இன்னும் ஆறவில்லை. ஒரு கூட்டத்துக்கு ஒரே சுபாவம் என்ற எண்ணம் நூலில் இருக்கும்வரை கருத்து. அரசின் பதிவேட்டில் ஏறினால் அது துப்பாக்கி வரைக்கும் போகும்.

என்ன செய்யலாம்?

வேலை நிமித்தம் வேறு நாட்டாரோடு பழகும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. ஒரு நாட்டுக்குப் போகும் முன் அதன் வழக்கங்களைக் கற்றுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யார் முதலில் பேசுவார், மறுப்பை எப்படித் தெரிவிப்பார்கள், நேரத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவை பயன் தரும் அறிவு. எதிரில் உட்கார்ந்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதை மட்டும் அவரிடமிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். அவர் தம் நாட்டு வழக்கத்தை விரும்பிக் கடைப்பிடிப்பவராக இருக்கலாம், பொறுத்துப் போகிறவராக இருக்கலாம், எதிர்த்து நிற்பவராகவும் இருக்கலாம்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாட்டு மதிப்பெண்ணையும் 16 வகைப் பட்டியலையும் வைத்து எவருக்கும் வேலை தராதீர்கள், எவருக்கும் மறுக்காதீர்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேசங்களின் குணம் பற்றிப் பாடமோ கட்டுரையோ வரும்போது, இதை யார் எழுதினார், எவ்வளவு பேரைக் கேட்டு எழுதினார், இதனால் யாருக்கு நன்மை என்ற மூன்று கேள்விகளையும் மாணவர்கள் வாயால் கேட்கப் பழக்குங்கள்.

நம்மைப் பற்றிப் பிறர் சொல்வதற்கும் இதே அளவுகோல்தான். தமிழர் இப்படிப்பட்டவர் என்று யாராவது புகழும்போது மகிழ்ந்து ஏற்றுக்கொண்டால், இகழும்போது மறுக்கும் உரிமையை நாமே இழந்துவிடுவோம். புகழும் அட்டவணையையும் சேர்த்து மறுக்கும் துணிவு நமக்கு வேண்டும். வழக்கத்தை மக்கள் சேர்ந்து உண்டாக்குகிறார்கள், ஆகவே மக்கள் சேர்ந்து அதை மாற்றவும் முடியும். எந்தப் பண்பாட்டிலும் நாளைக்கு இன்னும் நல்ல வழக்கம் பிறக்கும் என்று நம்ப இடம் தருவது இந்த ஓர் உண்மைதான். பிறவிக் குணம் என்று பெயர் சூட்டிவிட்டால் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நேரம் வற்புறுத்திப் பேசினேன்.